அத்தியாயம் 7: மார்கழிக்குச் சென்னை

நம்மில் பலருக்குச் சென்னை என்பது கல்யாணப் பத்திரிகையில் வரும் ஊர். பத்திரிகை வந்தால் போவோம். மண்டபத்தில் இறங்கி, மண்டபத்திலேயே குளித்து, மொய் எழுதி, தாம்பூலப் பையோடு வண்டி ஏறுவோம். அதை விட்டால் மே மாதப் பள்ளி விடுமுறை. ஊருக்குப் போகிற வழியில் ஒரு நாள் இறங்கி, கத்திரி வெயிலில் பாண்டி பஜாரில் துணி எடுத்து, தலைவலியோடு கிளம்புவோம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முப்பது வருஷம் இருந்துவிட்டுத் தாணேக்கு வந்து குடியேறிய எத்தனையோ பேர், சென்னையைச் சென்னைக்காக ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

மார்கழியில் போங்கள். கல்யாணம் கிடையாது, அதனால் உங்கள் நேரம் உங்களுடையது. பகலில் 28, 29 டிகிரி, விடியற்காலையில் 21, 22. விடிவதற்கு முன் கோலம், மாலையில் பாட்டு, நடுவில் நல்ல சாப்பாடு. இந்த அத்தியாயம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒரு பேட்டை. காலையில் மயிலாப்பூர், மத்தியானம் பாரிமுனை, சாயங்காலம் திருவான்மியூர் என்று போட்டீர்களானால், நீங்கள் பார்த்தது சிக்னலும் மெட்ரோ பள்ளமும்தான்.

எந்தத் தேதி?

மார்கழி பிறப்பது டிசம்பர் 16 வாக்கில். தை பிறக்கும்வரை உங்களுக்கு நாலு வாரம் இருக்கிறது. ஆனால் எல்லா வாரமும் ஒன்றல்ல.

டிசம்பர் முதல் பாதியைத் தவிருங்கள். நமக்கு மழை ஜூனில் வந்து செப்டம்பரில் போய்விடும். சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை. 2015-ல் ஊரை மூழ்கடித்த வெள்ளம் டிசம்பர் 1, 2 தேதிகளில் வந்தது. வர்தா புயல் 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் 2023 டிசம்பர் 3, 4. மூன்றுமே 15-ஆம் தேதிக்கு முன்பு என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு மழையே வராது என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆனாலும் 20-ஆம் தேதிக்கு மேல் எனக்குத் துணிச்சல் வரும்.

பாட்டுக்காகப் போகிறவர்களுக்கு டிசம்பர் 20 முதல் 31. மியூசிக் அகாடமியின் விழா பொதுவாக டிசம்பர் 15-ல் தொடங்கி ஜனவரி 1-ல் சதஸோடு முடியும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை இங்கேதான் விழுகிறது, கூட்டமும் இங்கேதான். விடுமுறைக் கவலை இல்லாதவர்களுக்கு என் சிபாரிசு ஜனவரி 3 முதல் 11. கச்சேரிக் கூட்டம் கலைந்து நாட்டிய விழாக்கள் நடக்கும். மயிலாப்பூர் திருவிழாவும் புத்தகக் காட்சியும் அதையொட்டி வரும், அறை வாடகையும் இறங்கியிருக்கும்.

போகிக்கு முதல் நாளே கிளம்பிவிடுங்கள். போகியன்று விடியற்காலைப் புகையில் விமானங்கள் தாமதமாவது உண்டு. காணும் பொங்கலன்று மெரினா பக்கம் போகவே வேண்டாம், மணலே தெரியாது.

டிக்கெட்

1. பயண நாளுக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும் (2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது). டிசம்பர் 20-க்குப் போக அக்டோபர் 21 காலை 8 மணிக்கு உட்காருங்கள். தீபாவளிப் பரபரப்பில் இந்தத் தேதியைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

2. போக, வர இரண்டு தேதியையும் அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். போகும் டிக்கெட்டைவிடத் திரும்பும் டிக்கெட்தான் கஷ்டம். ஜனவரி முதல் வாரத்தில் பாதி மும்பைத் தமிழர்கள் ஒரே வண்டியில் திரும்புகிறார்கள்.

3. ஏறும் நிலையத்தைப் பாருங்கள். சென்னை வண்டிகள் சி.எஸ்.எம்.டி.யிலிருந்தும் குர்லா எல்.டி.டி.யிலிருந்தும் கிளம்பி, கல்யாண், புனே, சோலாப்பூர், குண்டக்கல் வழியாகப் போகின்றன. ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர், ஒரு பகலும் ஓர் இரவும். எது தாணேயில் நிற்கிறது, எதற்குக் கல்யாண் போக வேண்டும் என்று பதிவு செய்யும்போதே பார்த்துவிட்டால், பெட்டியோடு குர்லாவுக்கு எதிர்த்திசையில் லோக்கல் பிடிக்க வேண்டியிருக்காது.

4. இறங்கும் நிலையத்தைப் பாருங்கள். இதை இரண்டு முறை பாருங்கள். சில வண்டிகள் சென்ட்ரலுக்குப் போகும், சில எழும்பூருக்கு. ஒரு வருஷம் நான் எழும்பூரில் இறங்கி நிற்கிறேன். சித்தப்பா சென்ட்ரலில் முக்கால் மணி நேரமாக நிற்கிறார். "ஏம்மா, பம்பாய் வண்டின்னா சென்ட்ரல்தானே வரும்?" என்று போனில் கேட்டார். அவர் காலத்தில் அப்படித்தான். (அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம், மெட்ரோவில் சென்ட்ரலுக்கு அடுத்த நிறுத்தமே எழும்பூர்.)

5. தட்கலை நம்பிக் கிளம்ப வேண்டாம். முதல் நாள் காலை ஏ.சி.க்கு 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கு இல்லாமல் ஆன்லைனில் எடுக்க முடியாது. இணைக்கும் வேலையை அன்று காலை 9:55-க்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெட்டியில் என்ன?

தாணேயில் டிசம்பர் இரவு ஏரிக்காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும். அதைப் பார்த்து, பெட்டி நிறையக் குளிர் உடுப்பு அடுக்குவதுதான் முதல் தவறு. சென்னைத் தெருவில் பருத்தித் துணி போதும், ஒரு நாளைக்கு இரண்டு செட். ஒரே ஒரு சால்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சபாவுக்குள் போர்த்திக்கொள்ள. மூன்று மணி நேரம் ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்து ஆலாபனை கேட்டவருக்கு நான் சொல்வது புரியும்.

மடக்குக் குடை, கழற்றி மாட்ட வசதியான செருப்பு (ஒரு காலைக்குள் நாலு தடவை கழற்றுவீர்கள்), கொசு விரட்டும் களிம்பு, தண்ணீர் பாட்டில். மழைக்குப் பிந்தைய மாதம் என்பதால் கொசுவை அலட்சியம் செய்ய வேண்டாம்.

எங்கே தங்குவது?

உறவினர் வீட்டில் தங்கினால் காசு மிச்சம், காலை நேரம் செலவு. பெரியம்மா வீடு பம்மலிலோ ஆவடியிலோ இருந்தால் விடியற்காலை ஐந்தேகாலுக்கு மாட வீதியில் நிற்க முடியாது. என் ஏற்பாடு: முதல் நாலு ராத்திரி மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, திருவல்லிக்கேணி இவற்றில் ஒன்றில் சிறு அறை, கடைசி இரண்டு ராத்திரி பெரியம்மா வீடு. வரிசையை மாற்றிப் போடாதீர்கள். முதலில் பெரியம்மா வீட்டுக்குப் போனால் அங்கிருந்து கிளம்பவே விடமாட்டார்.

சிக்கனமாக வேண்டுமென்றால் எழும்பூர் நிலையத்துக்கு எதிரே கென்னட் சந்தில் லாட்ஜுகள் இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஜன்னலில் கொசுவலை, குழாயில் தண்ணீர், கதவில் உள்தாழ்ப்பாள் மூன்றையும் பார்த்த பிறகே ஆதார் நகலை நீட்டுங்கள்.

ஊருக்குள் சுற்ற

தாணேயில் ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்தால் மீட்டர் தானாக விழும். அந்தப் பழக்கத்தில் சென்னை ஆட்டோவில் பேசாமல் ஏறி உட்காருவது இரண்டாவது தவறு. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 என்று 2013-ல் அரசு நிர்ணயித்தது. அதன்படி மீட்டர் போட்டு ஓட்டுபவரைப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள். ஆப்பில் கூப்பிடுங்கள், அல்லது ஏறுவதற்கு முன் பேசி முடியுங்கள். "அண்ணே, லஸ் கார்னர் எவ்ளோ?" என்று தமிழில் கேட்டாலும், நம் வாயில் வரும் பம்பாய் இழுப்பை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வெட்கப்படாமல் ஆப்பில் காட்டும் தொகையைச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

ரயில் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. மெட்ரோ, கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில், பறக்கும் ரயில் மூன்றையும் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: விமான நிலையம், சென்ட்ரல், எழும்பூர், நந்தனம் போக மெட்ரோ, தி.நகருக்கு மின்சார ரயிலில் மாம்பலம். மயிலாப்பூருக்கு சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பார்க் டவுனிலிருந்து பறக்கும் ரயிலில் திருமயிலை. காலை 8:12 தாணே ஃபாஸ்டில் ஏறிப் பழகியவருக்குப் பறக்கும் ரயிலின் காலி இருக்கைகள் கொஞ்சம் பயத்தைக்கூடத் தரும். இரவு ஒன்பதுக்கு மேல் அதன் நிலையங்களில் ஆளரவம் குறைவு. தனியாக வரும் பெண்கள் அப்போது ஆட்டோவிலேயே திரும்பலாம்.

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2021 மே மாதத்திலிருந்து. நடத்துநர் கொடுக்கும் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக மயிலாப்பூர், லஸ், ஆழ்வார்பேட்டைப் பக்கம் பல தெருக்கள் திருப்பி விடப்பட்டிருக்கும். அங்கே ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் நடை.

மயிலாப்பூர்: ஒரு நாள், மணிப்படி

இந்த ஒரு நாளை மட்டும் விரிவாக எழுதுகிறேன். இது கைவந்தால் திருவல்லிக்கேணியும் தி.நகரும் நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

1. விடியற்காலை 4:45-க்கு எழுந்து குளித்து, 5:15-க்குக் கபாலீஸ்வரர் கோயில் வடக்கு மாட வீதிக்கு வந்துவிடுங்கள். தெருவிளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும். பக்கத்துச் சந்துகளில் வாசல் தெளித்த ஈரம் தாரில் கறுப்பாகத் தெரியும். புள்ளி வைத்து முடித்தவர்கள் இழையை இழுக்க ஆரம்பித்திருப்பார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு ஒரே பருமனில் இறங்குவதைக் குனிந்து பாருங்கள். நம் ஃபிளாட் வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியவர்களுக்கு அது கொஞ்சம் உறுத்தும். சில வாசல்களில் சாண உருண்டையில் பூசணிப் பூ செருகி நடுவில் வைத்திருப்பார்கள்.

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். போன வருஷம் நான், "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றேன். "கோலத்தை எடு கண்ணு, என்னை எடுக்காதே, இன்னும் தலையே வாரலை" என்றார்.

2. ஜால்ராச் சத்தம் வரும் பக்கம் திரும்புங்கள். நாலு மாட வீதியும் சுற்றிவரும் மார்கழி பஜனை அது. பாபநாசம் சிவன் (1890–1973) பல வருஷம் முன்னால் நின்று நடத்திய வழக்கம். வரிசையின் பின்னால் சேர்ந்து நடக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். தரை ஈரம், வெளிச்சம் குறைவு, தெருநாய்கள் உண்டு. பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

3. கோயில். மார்கழியில் நடை வழக்கத்தைவிடச் சீக்கிரம் திறக்கும். மத்தியானம் சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள் என்பதால், "சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று தள்ளினால் பூட்டிய கோபுர வாசலைத்தான் பார்ப்பீர்கள். தொன்னையில் கிடைக்கும் பொங்கலை ஒதுங்கி நின்று சாப்பிடுங்கள். நெய் வழுக்கி நடுப் பிராகாரத்தில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

4. டிபன். கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ், அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். ராயரில் இடம் சின்னது, வெளியே காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர்கள் எதிரே நிற்கும்போது இலையில் ஊர்க்கதை பேசக்கூடாது, அவ்வளவுதான் அங்கே விதி. மாட்டுங்கா கஃபே மெட்ராஸோடு ஒப்பிட்டு உரக்கப் பேசாமல் இருப்பது நல்லது.

5. கடைகள். தெற்கு மாட வீதியில் காய்கறி, குளத்தைச் சுற்றிப் பாத்திரம், பூ, கோலமாவு. புத்தகம், பூஜைச் சாமானுக்கு கிரி டிரேடிங்கில் நுழைந்து ஒரு மணி நேரம் போக்காதீர்கள். அது மாட்டுங்காவிலேயே இருக்கிறது.

6. பதினொன்றிலிருந்து மூன்றுவரை அறைக்குப் போய்ப் படுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் மாலைக் கச்சேரியில் முதல் ராகத்திலேயே குறட்டை விடுகிறார்கள்.

7. மூன்றரைக்கு சபா.

சபாவில்

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசன் வந்த கதை இவ்வளவுதான். அதைவிட மூத்தது திருவல்லிக்கேணியின் பார்த்தசாரதி சுவாமி சபா, 1900. இப்போது எத்தனை சபா என்று எண்ணி முடியாது. ஆகவே:

1. பேட்டையை முதலில் முடிவு செய்யுங்கள், பாடகரைப் பிறகு. டி.டி.கே. சாலையில் அகாடமியும் நாரத கான சபாவும். தி.நகரில் கிருஷ்ண கான சபா, வாணி மகால், பாரத் கலாச்சார். மயிலாப்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், ரசிக ரஞ்சனி சபா, கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவன். முழுக்கத் தமிழ்ப் பாட்டாகவே கேட்க வேண்டுமென்றால் பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றம். 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் வீடு அது.

2. பெரிய பெயருக்கு டிக்கெட் கிடைக்கவில்லையா? அந்தப் பாடகரின் மற்ற தேதிகளைத் தேடுங்கள். ஷண்முகானந்தாவுக்கோ செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸுக்கோ வருஷத்துக்கு ஒருமுறை வரும் வித்வான் இங்கே ஒரே சீசனில் பல மேடை ஏறுவார். சின்ன சபாவில் விலை குறைவு, மேடை பக்கம், பல சமயம் பாட்டும் நிதானம்.

3. பிற்பகல் கச்சேரிகளை விடாதீர்கள். பல சபாக்களில் பகல் வேளை இளையவர்களுக்கு, அனுமதி இலவசம். எனக்குப் பிடித்த கச்சேரிகளில் பாதி, முப்பது பேர்கூட இல்லாத அரங்கில் கேட்டவை.

4. உள்ளே நுழைவதும் எழுந்து போவதும் கைதட்டலின்போது மட்டும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்கு ஓடுவது இங்கே பழைய வியாதி. மிருதங்கக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்ய உங்களுக்கு மனசு வராது என்று நம்புகிறேன்.

5. கேன்டீன் சாப்பாட்டுக்குப் பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். பன்னிரண்டரைக்குப் போனால் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் மோர் ஊற்றிக்கொள்வதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு டிக்கெட் வாங்கினால் போதும், கச்சேரி டிக்கெட் கேட்கமாட்டார்கள்.

குறிப்பு: ஒரு நாளைக்கு இரண்டு கச்சேரி. மூன்றாவது காதில் நிற்காது.

கச்சேரி ஒத்துவராதவர்களுக்கு

கர்நாடக சங்கீதம் எல்லோருக்கும் பிடித்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை'யில் கானா, பறை, ஒப்பாரி எல்லாம் மேடை ஏறுகின்றன. தாராவி தொண்ணூறு அடி சாலையில் வளர்ந்த பிள்ளைகளை அழைத்துப் போனால் வீட்டுக்கு வர மறுப்பார்கள். தேதியும் இடமும் அந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துத்தான்.

புத்தகக் காட்சி 1977-லிருந்து நடக்கிறது. சில ஆண்டுகளாக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில். வேலைநாள் மத்தியானம் போங்கள், ரயிலில் தூக்கிவர முடிகிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள். இரண்டாவது நிபந்தனையை நானே காப்பாற்றியதில்லை.

பாரிமுனைப் பக்கம் போனால் கடற்கரை நிலையம் அருகே பர்மா அத்தோ சாப்பிட்டுப் பாருங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது, புளியும் பொரித்த வெங்காயமும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். வயிறு லேசானவர்கள் சூடான வாழைத்தண்டு சூப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜனவரியில் போகிறவர்களுக்கு ஆமை நடை. 1988-லிருந்து இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு, வெள்ளி, சனி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை பொதுமக்களை அழைத்துப் போகிறது. முட்டையிட வரும் சிற்றாமைகளைத் தேடி விடியற்காலைவரை மணலில் நடக்க வேண்டும். முன்கூட்டிப் பெயர் கொடுங்கள். டார்ச், செல்போன் வெளிச்சம் கூடாது. ஆமையைப் பார்ப்போம் என்ற உத்தரவாதம் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம்.

கடலில் கால் வைக்கும் முன்

ஜுஹுவிலும் அக்சாவிலும் அலை பார்த்த தைரியம் மெரினாவில் செல்லாது. கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று இறங்கும், அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். குளிக்கத் தடை இருக்கிறது. இருந்தும் வருஷா வருஷம் உயிர் போகிறது. கணுக்கால் நனைந்தால் போதும். குழந்தையின் கையை விட்டுவிட்டு செல்ஃபி எடுக்காதீர்கள், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலை உலர்ந்த மணலில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் அதே ருசிதான்.

மழை பிடித்துக்கொண்டால்

சிவப்பு எச்சரிக்கை என்றால் அறையை விட்டு இறங்க வேண்டாம். சாதாரண மழையென்றால் எழும்பூர் அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. நேராக வெண்கலக் கூடத்துக்குப் போய் திருவாலங்காட்டு நடராசர் முன் கால் மணி நேரம் நில்லுங்கள், மிச்சக் கூடங்களுக்கு அவசரமில்லை. தேங்கிய தண்ணீரில் நடக்க நேர்ந்தால் சாலையின் நடுவாக நடங்கள். ஓரத்தில் மூடியில்லாத மழைநீர் வடிகால் இருக்கலாம். மின்பெட்டிகளையும் கம்பங்களையும் தொடாதீர்கள்.

திரும்பும் நாள்

காப்பித் தூளைக் கிளம்பும் அன்று அரைத்து வாங்குங்கள். மணம் ரயில் பெட்டி முழுக்கப் பரவும், பக்கத்து சீட்டுக்காரர் எந்தக் கடை என்று கேட்பார். கோலமாவை இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்டி, துணிப் பெட்டியில் வைக்காமல் தனிப்பையில் வையுங்கள். அது எப்படிப் பிரியும் என்று என் கறுப்புப் பட்டுப் புடவைக்குத் தெரியும். வண்டி கல்யாணை விடியற்காலையில் தொடுவதாக இருந்தால், கர்ஜத்துக்கு முன்பே எழும்படி அலாரம் வையுங்கள். தாணேயில் நிற்கிற வண்டியானாலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்காது. பெட்டியைக் கதவருகே நகர்த்தும் வேலையைத் திவாவிலேயே முடித்துவிடுங்கள்.